கம்புட் மண்ணில் நீரின் நடை



வட சிலாங்கூரில் ராஜா மூசா வனத்தை ஒட்டிய நிலம் கம்புட் மண். மக்கிய மரமும் வேரும் நிறைந்த அது கடற்பஞ்சினை ஒத்தது. அதில் வடிகால் வெட்டினால் முதலில் நீர் விரைந்து வடியும். நாளடைவில் மண் அமிழ்ந்து இறுகும், நுண்துளைகள் சுருங்கும், ஓட்டம் தளரும், நிலமும் தாழும். முற்றும் உலர்ந்த மேல்மண்ணோ, மழை பெய்தாலும் எளிதில் நீரை ஏற்காது. அதில் ஒரு தீப்பொறி விழுந்தால் நெருப்பு நிலத்தடியில் வாரக்கணக்கில் புகையும். அப்புகையைச் சுவாசிப்பவர்கள் நம் குழந்தைகளே.

இதனைத் தடுக்கவே 2008 முதல் ராஜா மூசாவில் வடிகால்கள் அடைக்கப்பட்டு வந்துள்ளன. செம்பனைத் தோட்டங்களிலும் நீர்மட்டத்தைத் தரைக்குக் கீழே 40 முதல் 60 சென்டிமீட்டரில் காத்தல் வேண்டும். மீன் பிடிப்பதற்காகத் தடுப்பைத் திறந்துவிடாதீர்கள். அது நம் இல்லங்களைக் காக்கும் கதவு.