காலியான அலை யாருக்கு?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வானொலி கரகரத்தால், குற்றம் பெட்டியில் மட்டும் இல்லை. வானில் பரவும் அலைக்கற்றையும் நிலத்தைப் போன்றதே. ஒருவர் காலி செய்தால்தான் இன்னொருவர் குடியேறலாம்.

பிரிட்டனில் 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் காவல், தீயணைப்புத் துறைகளின் நடமாடும் வானொலிகள் இயங்கின. 1979 ஜெனீவா மாநாட்டுக்குப் பின் அவை படிப்படியாக இடம்பெயர, பண்பலை ஒலிபரப்புக்கு வழி பிறந்தது. 1992இல் கிளாசிக் எஃப்எம் ஒலிக்கத் தொடங்கியது அங்கேதான்.

மலேசியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு அனலாக் தொலைக்காட்சி நாடு முழுவதும் நின்றது. இலக்கமுறையில் ஒரே அலையில் பல ஒளிபரப்புகள் அடங்குவதால், 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி காலியாகிக் கைப்பேசிச் சேவைக்குப் போனது.

இந்த அலை தொலைவு செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். மலையை மட்டும் துளைக்காது. மேட்டுக்கு அந்தப்புறம் கோபுரம் இருந்தால், பள்ளத்து லயத்துக்கு நிழல்தான் மிஞ்சும்.

ஆகவே அலை எந்தத் துறைக்குப் போனது என்பதோடு கேள்வி முடிவதில்லை. பள்ளத்தாக்கில் துணைக் கோபுரம் எழுகிறதா? மண்சரிவு நேரும் இரவில் எச்சரிக்கை லயத்தை எட்டுமா? பொதுச் சொத்தான அலைக்குக் கணக்கு அங்கேதான் கேட்கப்பட வேண்டும்.