பாட்டில் நின்ற மயிலை
(மேல்விஷாரத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மேல்விஷாரத்துக்கு அணித்தே, விளாப்பாக்கத்தை ஒட்டிய பஞ்சபாண்டவ மலையில், முதலாம் இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றுள்ளது. அம்மலைப் பள்ளிக்குரிய பள்ளிச்சந்தத்தின் கற்பூர விலையை முந்தைய இலாடராசர்கள் தாமே கொண்டனர், அறம் கெட்டது. அரசி விண்ணப்பித்தாள். இலாடராசன் வீரசோழன் அதனையும், அந்நியாய வாவதண்ட இறையையும் பள்ளிக்கே விட்டளித்தான். இழைத்த தீங்கும் அதன் தீர்வும் ஒரே பாறையில் உள்ளன. எல்லாத் தீங்குக்கும் இப்படி ஓர் அரசி வாய்ப்பதில்லை.

செஞ்சியில் வாய்க்கவில்லை. 1478இல் அங்கே ஆண்ட நாயக்கன் சமணரைத் தலைகொய்வித்தான் என்பது நம் குடும்பங்களில் வழிவழியாக வரும் செய்தி. பலர் திருநீறு பூசி உயிர் தப்பினர். வீரசேனாசாரியார் சரவணபெளகுளம் சென்றார். தாயனூர்க் காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். அவர்கள் திரும்பிய பின்னரே சமயம் மீண்டும் தழைத்தது. இடைப்பட்ட காலத்தில் அதனைக் காத்தது எது?

வெளிப்படையாக வழிபட இயலாத வீட்டில் வாய்க்குள் பாடும் பாட்டுக்கு ஓலை வேண்டா, கோயில் வேண்டா, மணியும் வேண்டா. அவிரோதியாழ்வார் மயிலாப்பூர் நேமிநாதர்மேல் பாடிய திருநூற்றந்தாதியை நினைத்துப் பாருங்கள். துன்பத்துக்கு விடையாக எழுந்த நூலன்று அது, பக்தியில் எழுந்தது. ஆயினும் அந்தாதியின் அமைப்பே ஒரு காவல். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாதலால், இடையில் ஒன்று மறந்தால் தொடை அறுபட்டுத் தானே காட்டிக்கொடுக்கும். பாட்டியிடம் கேட்ட பேர்த்தி பிழையின்றிச் சொல்வதற்கு இதனினும் எளிய வழி ஏது?

இவ்விடத்தில் ஒரு நேர்மை வேண்டும். சமணர் தூண்டுதலால் பல்லவ மன்னன் நாவுக்கரசரைக் கல்லோடு பிணித்துக் கடலில் எறிவித்தான் என்றும், அவர் பதிகம் பாடியே கரையேறினார் என்றும் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். அது வரலாறோ புராணமோ, அறிஞர் ஆராயட்டும். அதனைக் கேட்கும் சமண நெஞ்சு கூசத்தான் செய்கிறது, கூசுவதே முறை. மதுரையில் எண்ணாயிரவர் கழுவேறிய கதையை விழாவாகக் கேட்கும் சைவ நெஞ்சும் அவ்வாறே கூசவேண்டும் என எதிர்பார்ப்பதற்கு, நாம் முதலில் கூசியிருக்க வேண்டும் அல்லவா? கொல்லாமையை நோன்பாகக் கொண்டவர்க்கு இது இரட்டிப்புக் கடன்.

மயிலையில் அந்த ஜினாலயம் இன்று இல்லை. கடல் நெருங்கியதால் நேமிநாதர் திருவுருவம் மேல்சித்தாமூருக்கு எழுந்தருளியது என்பர். இன்றும் அங்கே வழிபாடு நடைபெறுகிறது. கோயில் நின்ற மண் எதுவென்று காட்ட ஆளில்லாத போதும், அந்தாதி மட்டும் அவரை மயிலைநாதரென்றே விளிக்கிறது. நம் இல்லங்களில் அதனை முழுமையாகப் பாடத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும் கேட்டுப் பாருங்கள். தெரிந்த மூதாட்டி ஒருவர் இருப்பின், பிள்ளைகளை அவரருகே அமர்த்துங்கள்.