இருப்புப்பாதை வளர்த்த செம்பூர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. அதனை என்னினும் சிறப்பாகச் செய்ய வல்லார் இங்கே பலர் இருக்கின்றனர். ஆதலின், நாம் குடியிருக்கும் இச்செம்பூரின் கதையைச் சிறிது எடுத்துரைக்க விரும்புகின்றேன். 'ஊருக்குப் போகின்றோம்' என்று நாம் சொல்லும்போது நெல்லையையும் தஞ்சையையும் பாலக்காட்டையுமே எண்ணுகின்றோம். நம் மக்கள் பிறந்து, படித்து, மணமுடித்த இடம் நமக்கு இன்னும் ஊராகவில்லை. வாழும் மண்ணின் வரலாற்றை அறியாதவர் எத்தனை தலைமுறை இருந்தாலும் அவ்விடத்தில் விருந்தாளியே ஆவர்.

முதலில் பெயர். 'செம்மையான ஊர், ஆகவே இது தமிழ்ப் பெயரே' என்று நம்மவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்க இனிமையே, ஆயினும் ஆதாரம் இல்லை. மராத்தியில் பெரிய நண்டினைச் 'சிம்போரி' என்பர். அதிலிருந்து பிறந்த பெயர் என்பது இங்குள்ளோர் கூறும் ஒரு விளக்கம். சேற்று நிலமும் உப்பங்கழியும் சூழ்ந்த இடத்திற்கு நண்டின் பெயர் பொருந்துவதே. நாமோ செட்டா நகரில் குடிகொண்ட முருகனைத் 'திருச்செம்பூர் முருகன்' என்று அழைத்து, அந்தப் பெயருக்குத் 'திரு' சேர்த்து வணங்குகின்றோம்!

சால்செட் தீவுக்குக் கிழக்கே தனியே கிடந்தது டிராம்பே தீவு. அதன் வடமேற்கு மூலையில் இருந்த சிற்றூரே செம்பூர். மாகுல், தேவனார், போர்லா, காட்லா, மான்குர்து என்பன அதன் அண்டைச் சிற்றூர்கள். மீன் பிடித்த கோலியரும், உப்பு விளைத்தும் உழுதும் வாழ்ந்த ஆகிரியரும் இம்மண்ணின் பழங்குடிகள். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தானே வரை இந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டி ஓடிற்று. குர்லாவைக் கடந்து சென்ற அவ்வண்டித் தடத்திற்கும் செம்பூருக்கும் இடையே இரண்டு கல் தொலைவுதான். ஆயினும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அத்தடத்திலிருந்து ஒரு கிளைகூட இப்பக்கம் திரும்பவில்லை.

திரும்பியது எதற்காக? 1896இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கிற்று. நெருக்கமும் அழுக்குமே நோயை வளர்த்தன என்று கருதிய அரசினர், 1898இல் நகரச் சீரமைப்புக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினர். தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற தெருக்களை அமைத்தது அதுவே. நகரம் தூய்மையாக வேண்டுமாயின், அதன் குப்பை வேறெங்காவது சென்றாக வேண்டுமன்றோ? 1906இல் குர்லாவிலிருந்து செம்பூருக்கு ஒற்றைத் தடம் இடப்பட்டது. அதில் முதலில் வந்தவர் பயணிகள் அல்லர். நகரத்தின் குப்பையே வண்டி வண்டியாக வந்து இங்குள்ள சதுப்பில் விழுந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1924இலேதான் அத்தடம் மனிதருக்குத் திறந்துவிடப்பட்டது.

1928இல் டிராம்பேயிலிருந்து செம்பூர், குர்லா வழியாக அந்தேரி வரை மற்றொரு பாதையும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1934இல் மூடப்பட்டது. இன்று அதனை நினைப்பவர் அரியர். குர்லா கிளையோ நிலைத்தது. 1925 பிப்ரவரி 3 முதல் குர்லா வரை மின்சார வண்டி ஓடத் தொடங்கியதால், செம்பூர் நகரத்திற்கு அண்மையதாயிற்று. 1930களில் இங்கே வீடுகள் எழலாயின.

பின்னர் வந்தன பெருவெள்ளம் போன்ற மாற்றங்கள். நாடு பிரிந்தபோது வீடிழந்து வந்த சிந்தி மக்களுக்கு இங்கே முகாம் அமைந்தது. 1954, 1955ஆம் ஆண்டுகளில் டிராம்பேயில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பாலைகள் இயங்கத் தொடங்கின. 1956இல் அப்சரா அணு உலை செயற்படலாயிற்று. 1955க்கும் 1958க்கும் இடையில் வீட்டு வசதி வாரியம் திலக் நகரையும் ஷெல் காலனியையும் கட்டிற்று. மாட்டுங்காவில் இடம் போதாத தமிழ்க் குடும்பங்கள் செம்பூர் நோக்கிப் பெயர்ந்தன. அவர்களுட் பலர் முதன்முதலில் பம்பாயை அடைந்ததும் இருப்புப்பாதையினாலேதான். 1871இல் ராய்ச்சூரில் சென்னைத் தடமும் பம்பாய்த் தடமும் கைகோத்திராவிடில், அரக்கோணத்தில் ஏறியவர் தாதரில் இறங்குவது ஏது? 1992இல் கழி மீது பாலம் எழுந்து வண்டி வாஷி வரை சென்றது; 2014இல் மோனோ ரயிலும் வந்தது.

அன்பர்களே! இவ்வரலாற்றில் ஒரு செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. நகரம் தான் வேண்டாதவற்றை எல்லாம் இத்திசைக்கே அனுப்பி வந்திருக்கின்றது. 1906இல் குப்பை வண்டி; 1927இல் தேவனார்க் குப்பைமேடு; பிறகு ஆலைப் புகை. 2016 ஜனவரியில் அம்மேடு தீப்பற்றி எரிந்தபோது நம் சன்னல்களைச் சாத்திக்கொண்டோம். அதன் அடிவாரத்திலேயே வாழ்வோர்க்குச் சாத்துவதற்குச் சன்னலும் இல்லை. 2020இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மாகுல், ஆம்பாப்பாடா, செம்பூர்ப் பகுதிக் காற்றைக் கெடுத்ததற்காக நான்கு நிறுவனங்கள் 286 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அந்தக் காற்றை முன்னின்று சுவாசித்தவர்கள் மாகுலின் கோலியரும், நகரத்தின் பிற இடங்களிலிருந்து அகற்றப்பட்டு அங்கே குடியேற்றப்பட்ட ஏழை மக்களுமே.

ஒரே தடம் நமக்கு அலுவலகத்தையும் கல்லூரியையும் தந்தது; அவர்களுக்குச் சுமையைத் தந்தது. 'செம்பூர் நல்ல காற்றோட்டமான இடம்' என்று பெருமை பேசுவோர், அச்சுமையைத் தாங்கியோரை அயலார் எனக் கருதுதல் தகுமா? அவர்கள் குறை தீர்க்க மன்றாடுகையில், நம் சங்கத்தின் குரலும் அதனோடு சேர்தல் வேண்டும். இதுவே ஊரார் என்னும் சொல்லுக்குப் பொருள்.

மற்றொன்றும் கூறுவேன். பழைய காலனிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, வானளாவும் மாடங்கள் எழுகின்றன. புதிய வீடு வேண்டியதே. அதனை நான் குறை கூறவில்லை. ஆயினும் கட்டடத்தோடு நினைவும் மண்ணாகிவிடலாகாது. முதன்முதலில் இங்கே குடியேறிய முதியோர் சிலர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். இளைஞர்கள் அவர்களை அணுகி, அக்காலத்து நிலையம், சந்தை, பள்ளி, கழனி ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். கோலிவாடாவுக்கும் சென்று, நமக்கு முன்பே இங்கிருந்தோர் சொல்வதையும் கேட்க வேண்டும். அத்தொகுப்பு அடுத்த ஆண்டு மலரில் வெளிவருமாயின், அதுவே இச்சங்கம் செம்பூருக்குச் செலுத்தும் நன்றிக்கடனாகும்.