சலம் கூடுகிறதென்று தண்ணீரைக் குறைக்காதீர்கள்

(மீள்குடியேறிய குடும்பங்களின் கிராமச் சந்திப்பில் ஆற்றிய உரை)

ஆண்களும் உள்ளே வந்திருந்து கேளுங்கள். இன்றைய விடயத்தில் உங்களுக்குத்தான் கூடுதல் வேலை இருக்கிறது.

கடைசி மாதங்களில் கர்ப்பிணித் தாய்க்கு அடிக்கடி சலம் போவது வருத்தமல்ல. கருப்பைக்கு முன்னால் சலப்பை இருக்கிறது. பிள்ளை வளர வளர அது நெருக்கப்படும். பிள்ளையின் தலை இடுப்புக்குள் இறங்கியதும் மூச்சுவிடுவது சுகமாகும், சலத்தை அடக்குவது கஷ்டமாகும். இருமினால், தும்மினால் இரண்டு சொட்டுப் போகவும் கூடும். பகலில் காலில் தேங்கிய நீர் படுத்தபின் இரத்தத்தில் சேர்ந்து சலமாக வெளியேறுவதால் இரவில் இன்னும் கூடும்.

முகாமில் வரிசையில் நின்றாலும் மலசலகூடம் என்று ஒன்று இருந்தது. இங்கே சில காணிகளில் கிடங்கு மட்டும்தான் வெட்டியிருக்கிறது. சுற்றிவரப் பற்றை, இருட்டு, பாம்புப் பயம். அதனால் சில பெண்கள் பின்னேரத்துக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீரும் குடிப்பதில்லை. விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடக்கிறார்கள். கேட்டால் "பழகிவிட்டது" என்று சிரிக்கிறார்கள். இது பழகக்கூடாத பழக்கம். சலம் தேங்கினால் கிருமி பெருகும். கர்ப்ப காலத்தில் அந்தக் கிருமி சிறுநீரகம்வரை ஏறலாம், மாதம் நிறையுமுன் பிரசவ வலியையும் கொண்டுவரலாம்.

நாளொன்றுக்கு 8 முதல் 10 கிளாஸ் கொதித்தாறிய நீர் குடியுங்கள். பெரும்பகுதியைப் பகலிலேயே குடித்து, படுக்கைக்கு முந்திய ஓரிரு மணித்தியாலம் மட்டும் குறைக்கலாம். இரவுத் தேத்தண்ணீரை விடுங்கள், அது சலத்தைக் கூட்டும். பின்னேரம் கொஞ்சநேரம் இடப்பக்கம் சரிந்து படுத்தால் கால் நீர் இரவுக்கு முன்பே இறங்கும். சலம் போகும்போது சற்று முன்னுக்குச் சாய்ந்தால் முழுவதும் வெளியேறும்.

இனி ஆண்களுக்கு. மூடியுள்ள வாளி ஒன்றை இரவில் வீட்டுக்குள் மறைவாக வையுங்கள். காலையில் அதைக் கழுவுவது உங்கள் வேலை, வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் வெளியே போவதென்றால் ரோச் லைட்டோடு ஒருவர் கூடப் போகவேண்டும். துப்புரவாக்கிய பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்கவே கூடாது. மிதிவெடி பற்றிச் சொன்னதெல்லாம் இரவுக்கும்தான். மாமிமாரே, "நாங்கள் பெறாத பிள்ளையா" என்று கேட்காமல் துணைக்கு எழும்புங்கள்.

நான் வைத்தியர் அல்ல, கலைப்பீடத்தில் படித்தவள். ஆனால் இவற்றை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். சலம் போகும்போது எரிவு, அடிவயிற்றிலோ விலாப்பக்கத்திலோ நோ, காய்ச்சல், குளிர் நடுக்கம், சலத்தில் இரத்தம் இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சலம் குறைந்து, முகமும் கையும் வீங்கி, தலையிடியும் கண்மங்கலும் வந்தால் குருதியமுக்கம் ஏறியிருக்கலாம். விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அடக்கமுடியாமல் தண்ணீராகக் கசிந்துகொண்டே இருந்தால் பன்னீர்க்குடம் உடைந்திருக்கலாம், உடனே புறப்படுங்கள். கடும் தாகத்தோடு அளவுக்கு மிஞ்சிப் போனால் சீனி பார்க்கவேண்டும். கிளினிக்கில் சலத்தைப் பரிசோதிப்பதும் இவற்றுக்காகத்தான்.

முகாமில் பதிந்த தாய்மார் இங்குள்ள குடும்பநல உத்தியோகத்தரிடம் திரும்பப் பதியவேண்டும். கர்ப்பிணி அட்டை தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, வாருங்கள். கூட்டம் முடிந்ததும் அவர் பின்னறையில் இருப்பார். வாளியோ ரோச் லைட்டோ இல்லாத வீட்டுக்காரர் போகுமுன் என்னிடம் பெயரைத் தந்துவிட்டுப் போங்கள்.