அகதி என்ற ஒரு சொல்

இன்று இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசுகிறேன்: ரெஃபியூஜி, அசைலம் சீக்கர். நாம் இரண்டையும் 'அகதி' என்றே சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஒரு நேர்காணலில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஓர் அம்மா தன் கதையைச் சொல்லி முடித்து, "நான் அகதியாப் போனன் தம்பி" என்றார். நான் யோசிக்காமல் 'ரெஃபியூஜி' என்றேன். அதிகாரி உடனே, "எந்த நாடு உங்களை ஏற்றுக்கொண்டது?" என்று கேட்டார். அம்மா திகைத்துப்போனார். பிழை என்னுடையது. அனுமதி கேட்டுத் திருத்தினேன்: "தனக்குப் போக்கிடம் இல்லை என்கிறார்."

பிரிட்டனில் பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பித்து, முடிவுக்குக் காத்திருப்பவர் அசைலம் சீக்கர். ரெஃபியூஜி என்பதற்கு 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை வரையறை தருகிறது. இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து என்ற ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சத்தோடு தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர் அவர்.

சொற்களின் வேரைப் பாருங்கள். 1685இல் பதினான்காம் லூயி நான்ட் ஆணையை ரத்துச் செய்தபோது, பிரெஞ்சுப் புராட்டஸ்தாந்தினர் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார்கள். அவர்களோடு வந்த பிரெஞ்சுச் சொல்லே ரெஃபியூஜி. புகலிடம் அடைந்தவர் என்பது அதன் உட்பொருள். நம் சொல்லோ நேர் எதிர். கதி இல்லாதவர் அகதி. அசைலம் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கும் முதலில் நிற்பது இன்மையைச் சொல்லும் 'அ' தான். யாரும் பறித்துச் செல்ல முடியாத இடம் என்று பொருள். கதியற்றவர் தேடுவது அந்த இடத்தைத்தான்.

இதை ஏன் சொல்கிறேன்? நம் வீட்டு விசேஷங்களில் ஒரு பேச்சு காதில் விழுகிறது: "நாங்கள் உண்மையான அகதிகள். இப்ப வாறவை சும்மா அசைலம் அடிக்கினம்." அந்த 'அடிக்கினம்' என்ற வினையில் ஓர் இளக்காரம் ஒட்டியிருக்கிறது. சொல்பவரும் ஒரு காலத்தில் கடிதத்துக்காகத் தபால்காரரைப் பார்த்திருந்தவர்தான்.

அகதிகளுக்கான ஐ.நா. முகமையின் கையேடு ஒன்றைத் தெளிவாக்குகிறது. அங்கீகாரம் ஒருவரை அகதி ஆக்குவதில்லை. அவர் அகதியாக இருப்பதால்தான் அங்கீகாரம் கிடைக்கிறது. அப்படியானால் காத்திருப்பவருக்கு இன்னும் பதில் வரவில்லை, அவ்வளவுதான். அதை வைத்து அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது.

மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தைப் பற்றி எழுதும்போது 'தஞ்சம் கோருபவர்' என்று எழுதுங்கள். ஆனால் ஒருவர் தன் வாயால் 'அகதியாப் போனன்' என்றால், அதைச் சட்டச் சொல்லாக மாற்றிவிடாதீர்கள். அவர் தன் விசா நிலையைச் சொல்லவில்லை. தன் நிலையைச் சொல்கிறார்.