கழிப்பதிலும் கொல்லாமை

 

துறவறத்தார்க்கு உரைக்கப்பட்ட சமிதிகள் ஐந்து. நடத்தல், பேசுதல், உணவு ஏற்றல், பொருளை எடுத்து வைத்தல் ஆகிய நான்கினோடு ஐந்தாவதாக நிற்பது உத்சர்க்க சமிதி. உடலின் கழிவை நீக்கும் பொழுதும், உயிரினம் இல்லாத இடத்தை ஆராய்ந்து, மயிற்பீலியால் மெல்லத் துடைத்து, எவ்வுயிர்க்கும் இன்னல் நேராவண்ணம் நீக்குதல் வேண்டும் என்பது அதன் கருத்து. இல்லறத்திலும் இதன் சாயல் உண்டு. நீரை வடிகட்டிப் பருகும் சிராவகர், துணியில் தங்கியதை மண்ணில் உதறுவதில்லை. முகந்த நீர்நிலையிலேயே சேர்ப்பது மரபு. கொல்லாமை உண்பதோடு முடிவதன்று. கழிப்பதிலும் காக்கப்பட வேண்டியது.

இந்த அளவுகோலைக் கொண்டு நாட்டின் நிலையை நோக்குதல் தகும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21ஆம் ஆண்டறிக்கையின்படி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,60,000 டன் திடக்கழிவு உண்டாகிறது. அதில் பாதியளவான 80,000 டன் பதப்படுத்தப்படுகிறது. 29,000 டன்னுக்கு மேல் நிலத்தில் கொட்டி நிரப்பப்படுகிறது. எஞ்சிய 50,000 டன் இவ்விரண்டு கணக்கிலும் அடங்கவில்லை.

கணக்கில் அடங்காவிடினும் அது மறைந்துவிடுவதில்லை. வாய்க்காலை அடைக்கிறது, தெருவோரத்தில் எரிந்து நஞ்சுப்புகையாகிறது. கொட்டி வைத்த குப்பையும் அமைதியாகக் கிடப்பதில்லை. 2017இல் தில்லி காசிப்பூரில் குப்பைமலை சரிந்து இருவர் உயிரிழந்தனர். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு பல நாள் எரிந்து நகரையே புகையில் ஆழ்த்தியது. சென்னையின் பெருங்குடிக் கிடங்கோ, எண்ணற்ற பறவைகளுக்குப் புகலிடமான பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியே வளர்ந்தது.

இத்தீங்குகளுக்கெல்லாம் வேர் யாது? மக்கும் குப்பையும் மக்காக் குப்பையும் ஒன்றாய்க் கலத்தலே. எஞ்சிய சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்தால், சோற்றின் மணத்தை நாடிவரும் பசு பையையும் சேர்த்து விழுங்குகிறது. அது செரியாமல் இரைப்பையிலேயே தங்கி, அவ்வாயில்லா உயிரை மெல்ல மெல்ல வதைக்கிறது. கலந்த குப்பை காற்றுப்புகாமல் அழுகுகையில் எரியும் தன்மையுள்ள மீத்தேன் வாயு தோன்றுகிறது. அக்குப்பையைக் கையால் கிளறிப் பிழைக்கும் ஏழையர் கண்ணாடித் துண்டாலும் ஊசியாலும் காயமுறுகின்றனர். கையால் கொல்லாதவர் கைவிட்ட பொருளால் துன்புறுத்துவது அறமாகுமோ?

வீட்டிலேயே தரம் பிரித்தலை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கடமையாக்கின. மக்கும் குப்பை, மக்காக் குப்பை, வீட்டில் உண்டாகும் தீங்குதரும் கழிவு என மூவகையாகப் பிரித்தல் வேண்டும் என்று அவ்விதிகள் பணித்தன. இதனை மக்கள் இயக்கமாக்கிய இந்தூர் நகரில், 2022 முதல் நாள்தோறும் 550 டன் ஈரக்கழிவை எரிவாயுவாக்கும் திறனுடைய ஆலை இயங்கிவருகிறது. அத்தகைய ஆலைக்கும் அடிப்படை, இல்லங்களில் பிரித்து வைக்கப்படும் குப்பையே.

எருவாக்கும் குழியிலும் சிற்றுயிர்கள் உண்டே என்று சிலர் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. ஆதலின் முதற்கடமை எருவாக்குதலன்று, மிச்சமே வைக்காமை. அளவாகச் சமைத்து, வேண்டுமளவே இட்டு உண்பது முதற்படி. தவிர்க்க இயலாததைப் பிரித்தல் அடுத்த படி. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதமும் இதையே வலியுறுத்துகிறது: தேவையின்றி வாங்கப்படாத பொருள் குப்பையாவதுமில்லை.

இதற்குத் தொடக்கம் ஜினாலயத் திருவிழாவே ஆகட்டும். அன்னதானத்தில் வாழையிலையோ எவர்சில்வர்த் தட்டோ போதும். நெகிழித் தண்ணீர்ப் பொட்டலமும், மெழுகுப் பூச்சிட்ட காகிதக் குவளையும் வேண்டா. பூசை மலர்கள் நாரும் நெகிழிப் பையும் நீக்கித் தனியே சேரட்டும். பந்தியருகே இரு தொட்டிகள் வைத்து, இளைஞர் இருவர் நின்று வழிகாட்டினால் ஒரே விழாவில் இப்பழக்கம் வேரூன்றும்.

திருவிழா முடிந்த மறுநாள் ஆலய வீதியில் மேயவரும் பசுவுக்கு ஊறு விளைக்கும் பொருளொன்றும் அங்குக் கிடத்தலாகாது. அவ்வளவு தூய்மையாக விழாவை நிறைவு செய்வதே அருகன் திருவடிக்கு இல்லறத்தார் இடும் மெய்யான மலராகும்.

எவ்வுயிரும் இன்புறுக!