இதயம்வரை செல்லும் குழாய்: கருத்தரங்கத் தலைமை உரை



மடித்துச் சுருக்கிய செயற்கை இதய வால்வைத் தொடைத் தமனி வழியாகக் கொண்டுபோய், மார்பைத் திறக்காமலே பொருத்தும் சிகிச்சையைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். மருத்துவர்கள் சுருக்கமாக ‘டாவி’ என்கிறார்கள். இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கவனம் வால்வின் மீதே போய் நிற்கிறது: அதன் உலோகச் சட்டம், மாட்டின் இதய உறையிலிருந்து செய்த அதன் இதழ்கள், அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்வி. அந்தக் கவனம் நியாயமானதுதான். ஆனாலும் இந்தச் சிகிச்சை யாருக்குக் கிட்டும், யாருக்குக் கிட்டாது, கிட்டியவர் காயமின்றி வீடு திரும்புவாரா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது வால்வைச் சுமந்து செல்லும் கதீட்டர்தான் என்று நான் கருதுகிறேன். அது அரை மணி நேர வேலை முடிந்ததும் குப்பைக்குப் போகிற பொருள். அதனாலேயே நம் கவனத்துக்குத் தப்பிவிடுகிறது. அந்தக் கருவியின் உறுப்புகளைச் செய்யும் வேலையைச் சென்னையின் இந்த மேற்குப் புறநகர் எடுத்துக்கொள்ள வேண்டும், எடுத்துக்கொள்ள முடியும் என்பதே இந்த உரையின் வாதம்.

வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். டென்மார்க்கின் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் 1989-இல் பலூன் மேல் சுருக்கிய வால்வைப் பன்றியின் இதயத்தில் பொருத்திக் காட்டினார். மனிதருக்கு முதன்முதலில் பொருத்தியவர் பிரான்சின் ருவான் நகரத்து மருத்துவர் ஆலன் கிரிபியர். நாள் 2002 ஏப்ரல் 16. நோயாளிக்கு வயது 57. வால்வு தயாராக இருந்தது, வழி இல்லை. அவருடைய கால்களுக்குப் போகும் தமனிகள் அடைபட்டிருந்தன. ஆகவே கிரிபியர் தொடைச் சிரை வழியாக வலப்பக்க இதயத்துக்குள் ஏறி, இதயத்தின் இடைச்சுவரைத் துளைத்து, இடப்பக்கம் போய், ஈரிதழ் வால்வைக் கடந்து, பெருந்தமனி வால்வை அடைந்தார். இந்தச் சிகிச்சையின் முதல் நாளிலேயே கஷ்டம் முழுவதும் பாதையில்தான் இருந்தது.

டாவியைச் சோதித்து 2010-இல் வெளியான பார்ட்னர் ஆய்வின் எண்களைப் பாருங்கள். அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாத நோயாளிகளில், வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 50.7 விழுக்காடு, டாவி பெற்றவர்களில் 30.7 விழுக்காடு. மருத்துவ உலகம் கொண்டாடியது இதைத்தான். ஆனால் அதே ஆய்வில் டாவி பெற்றவர்களில் 16.2 விழுக்காட்டினருக்கு முப்பது நாளுக்குள் பெரிய ரத்தக்குழாய்ச் சேதம் ஏற்பட்டது. தமனி கிழிந்தது, ரத்தம் கசிந்தது. 2019-இல் வெளியான மூன்றாம் பார்ட்னர் ஆய்வில் அது 2.2 விழுக்காடாக இறங்கிவிட்டது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ‘எல்லாம் கதீட்டர் மெலிந்ததால்தான்’ என்று சொன்னால் நீங்கள் மறுப்பீர்கள், மறுக்கவும் வேண்டும். பின்னால் வந்த நோயாளிகள் வயதில் இளையவர்கள், உடல்நிலையில் மேலானவர்கள். சி.டி. ஸ்கேன் பார்த்துத் திட்டமிடும் முறையும் தேர்ச்சி பெற்றிருந்தது. ஆகவே வேறொரு சான்று தேவை. ஹயாஷிடாவும் அவர் குழுவினரும் 2011-இல் அதைத் தந்தார்கள். கதீட்டர் தமனிக்குள் நுழைவதற்கான உறைக்குழாயின் வெளி விட்டத்தைத் தொடைத் தமனியின் உள் விட்டத்தால் வகுத்தார்கள். அந்த விகிதம் 1.05-ஐத் தாண்டினால் சேதம் கூடியது. நோயாளியின் வயது எதுவானாலும், தமனியைவிடக் குழாய் பருத்திருந்தால் தமனி பொறுத்துக்கொள்வதில்லை.

கதீட்டர் அளவில் மூன்று ஃப்ரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். தொடக்கத்தில் 24 ஃப்ரெஞ்ச், அதாவது எட்டு மில்லிமீட்டர் உள் விட்டமுள்ள உறைக்குழாய் தேவைப்பட்டது. இன்று 14 ஃப்ரெஞ்ச் போதும். ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆசிய நோயாளிகளின் தமனிகள், குறிப்பாகப் பெண்களின் தமனிகள், மேலைநாட்டு ஆண்களுடையதைவிடச் சிறியவை. நீரிழிவும் புகையும் அவற்றை இன்னும் குறுக்கிச் சுண்ணாம்பு படியச் செய்கின்றன. ஆகவே கதீட்டரில் குறையும் ஒவ்வொரு அரை மில்லிமீட்டரும் நம் ஊர்ப் பாட்டிமார்களில் இன்னும் சிலருக்குக் கதவைத் திறக்கிறது. குழாயின் பருமனைக் குறைப்பதை இங்கே யாரும் வெறும் நுணுக்கவேலை என்று தள்ளிவிடக் கூடாது.

அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது? பட்டறைக்காரர்களுக்குப் புரியும்படி சொல்வதானால், மிதிவண்டியின் பிரேக் கேபிள்போல, உறைக்குள் கம்பி ஓடும் அமைப்பு. கையிலுள்ள பிடியை இயக்கினால் ஒரு மீட்டருக்கு அப்பாலுள்ள நுனி கீழ்ப்படிய வேண்டும். உள்ளே வழுவழுப்பான டெஃப்லான் படலம். அதன்மேல் தலைமயிரைப் போன்ற துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பின்னிய வலை. அதன்மேல் நெகிழ்வான பிளாஸ்டிக் உறை. மூன்றையும் மேண்ட்ரல் என்ற கம்பியின் மேல் ஏற்றி, வெளியே சுருங்கும் குழாய் ஒன்றைப் போர்த்தி, சூடேற்றுவார்கள். பிளாஸ்டிக் இளகி எஃகுப் பின்னலின் கண்களுக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு சுருங்கு குழாயைக் கீறி உரித்து எறிந்துவிட்டு, மேண்ட்ரலை உருவி எடுப்பார்கள். பின்னல் நெருக்கமாக இருந்தால் ஒரு குணம், தளர்ந்தால் வேறொரு குணம். கைப்பிடிப் பக்கம் விறைப்பாகவும் நுனி துவளலாகவும் இருக்க வேண்டும். பெருந்தமனி வளைவில் அது சுவரைச் சுரண்டாமல் திரும்ப வேண்டும். அந்த வளைவில் உதிரும் ஒரு துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். இணைப்புகள் எல்லாம் இழுவைச் சோதனையில் தேற வேண்டும்: ஐஎஸ்ஓ 10555 தரத்தின்படி 1.85 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பருமனுள்ள கதீட்டரின் இணைப்பு 15 நியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை. கடைசிக் கட்டத்தில், பலூனால் விரியும் வால்வாக இருந்தால், பேஸ்மேக்கர் கம்பியால் இதயத்தை நிமிடத்துக்கு 180 துடிப்புக்கு மேல் விரட்டி, ரத்த ஓட்டத்தைச் சில விநாடி அடக்கி, பலூனை ஊதுவார்கள். வால்வு ஒரு சில மில்லிமீட்டர் நகர்ந்து உட்கார்ந்தாலும் போச்சு. பலூனுக்குப் பதில் நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் சட்டமாக இருந்தால், குளிர்ந்த உப்புநீரில் சுருக்கி ஏற்றியது உடல் வெப்பத்தில் தானே விரியும். அங்கே உறையைப் பின்னிழுக்கும் கைச் சக்கரத்தின் சீரான ஓட்டமே எல்லாம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, பூவிருந்தவல்லிக்கு அருகே திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டை, சுற்றிலும் வாகன உதிரிபாகங்களுக்கு அச்சும் ஜிக்கும் செய்யும் சிறு டூல்ரூம்கள். இவற்றுக்கு நடுவே முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் இருக்கிறது. 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நாட்டின் முதல் இதய பைபாஸ் அறுவையைச் செய்த கே.எம். செரியன் நிறுவிய ஃப்ரண்டியர் லைஃப்லைனும் இருக்கிறது. நுண்பாகம் கடைகிறவரும் அதை நோயாளிக்குள் செலுத்துகிறவரும் இவ்வளவு அருகருகே உள்ள இடங்கள் நாட்டில் அதிகம் இல்லை. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததுதான் குறைவு.

‘கார் உதிரிபாகம் செய்கிறவர் கதீட்டர் செய்துவிடுவாரா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சரியானது, பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். மைக்ரான் கணக்கில் கடைவது தெரிந்தால் மட்டும் போதாது. பாலிமர் குழாய் வார்ப்பு வேறு கலை. தூசியற்ற அறை, எத்திலீன் ஆக்சைடு கிருமிநீக்கம், ஒவ்வொரு தொகுதிக்கும் ஆவணம் என்று ஒழுங்குமுறை முழுதும் வேறு. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருவி விதிகளில் இதய வால்வுகள் மிக உயர்ந்த அபாய வகுப்பான ‘டி’யில் இருக்கின்றன. ஆனால் முழுக் கருவியையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? வால்வைச் சுருக்கும் கிரிம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்மணிபோல் ஒருசேரக் குவியும் உலோகத் தாடைகள், ஒரு நெம்புகோல், ஓர் அளவுத் தடுப்பு. அது உடலுக்குள் போவதில்லை. கைப்பிடியின் திருகும் பல்லும், மேண்ட்ரல்கள், பலூன் ஊதி வார்க்கும் அச்சுகள், சோதனைக்கான செயற்கைப் பெருந்தமனி வளைவுகள் எல்லாம் இங்குள்ள டூல்ரூம்களின் கைக்கு எட்டியவையே. பிளாஸ்டிக் பக்கத்துக்குக் கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் இருக்கிறது. ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா திட்டமிடப்பட்டிருக்கிறது. உறுப்புகளில் தொடங்கி, பிறகு குழாய்க்குப் போகலாம்.

இரண்டாம் மறுப்பு இன்னும் கனமானது. நம் நாட்டில் வால்வு கெடுவதற்கு இன்னும் முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். பாதிக்கப்படுவோர் ஏழைகள், இளையவர்கள். கெடுவது பெரும்பாலும் ஈரிதழ் வால்வு. சுண்ணாம்பு படிந்த முதியவரின் வால்வுக்குப் பல லட்ச ரூபாய்ச் சிகிச்சையைப் பற்றி மாநாடு கூட்டுவது யாருக்காக? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. தொண்டைப் புண்ணுக்குப் பென்சிலின் கொடுப்பது எந்தக் கதீட்டரையும்விட அதிக உயிர்களைக் காக்கும். அதற்கான பணத்தை இதற்குத் திருப்பக் கூடாது. ஆனால் சுருங்கிய ஈரிதழ் வால்வை விரிக்கும் இனோயே பலூனும் கதீட்டர்தான். டாவிக்காகப் பழகும் பின்னலும், ஒட்டலும், பலூன் வார்ப்பும் அந்த ஏழை இளையவர்களுக்கும் அப்படியே பயன்படும். இன்னொன்று, 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. அந்த விகிதம் இனி ஏறத்தான் போகிறது. இரண்டு நோயும் ஒரே காலத்தில் நம் வாசலில் நிற்கின்றன.

‘குஜராத்தில்தான் செய்கிறார்களே, இங்கே எதற்கு?’ என்பது மூன்றாவது. வாப்பி நகரத்து மெரில் நிறுவனத்தின் மைவால் வால்வுக்கு 2018-இல் இந்திய அனுமதி கிடைத்தது. 768 நோயாளிகளை வைத்து உலகின் இரு முன்னணி வால்வுகளோடு ஒப்பிட்ட லேண்ட்மார்க் ஆய்வு 2024-இல் லான்செட்டில் வெளியாகி, முப்பது நாள் முடிவுகளில் அது பின்தங்கவில்லை என்று காட்டியது. இது நம் வாதத்துக்குத் துணை. இந்தியரால் முடியாது என்ற பேச்சு முடிந்துபோனது. ஆனால் நாட்டின் மருத்துவக் கருவித் தேவையில் 70 முதல் 80 விழுக்காடு இறக்குமதியாகவே இருக்கும்போது, ஒரு நிறுவனம், ஒரு நகரம் போதாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை தருகிறது. டாவியின் செலவு அதைத் தாண்டி நிற்கிறது. 2017-இல் ஸ்டென்ட் விலைக்கு அரசு உச்சவரம்பு போட்டதுபோல ஆணையால் குறைக்கலாம் என்பார்கள். ஆணை லாபத்தைக் குறைக்கும். உற்பத்திச் செலவைக் குறைப்பது அருகில் கிடைக்கும் உறுப்புகளும் திறமையும்தான்.

காலம் பிடிக்கும் என்பதை மறைக்கவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தான் குழுவினர் செய்த செயற்கை வால்வின் முதல் மூன்று வடிவங்களும் கைவிடப்பட்டன. நான்காவதுதான் 1990 டிசம்பர் 6 அன்று மனிதருக்குள் போனது. அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது நம் சென்னையின் டிடிகே நிறுவனம். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் இதயத்தில் அது பொருத்தப்பட்டிருக்கிறது. பத்தாண்டுத் தோல்வியைத் தாங்கிய நிதியும் பொறுமையும் இல்லையென்றால் அந்த எண் பூஜ்யம்தான்.

ஆகவே அவையோரிடம் என் வேண்டுகோள் இது. மருத்துவர்களே, கதீட்டர் எங்கே மடிந்தது, எந்த வளைவில் தயங்கியது, கைப்பிடி எப்போது வழுக்கியது என்பதை ஒவ்வொரு சிகிச்சைக்குப் பின்னும் எழுதிவைத்து, பழுது என்றால் மருத்துவக் கருவிகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கும் அனுப்புங்கள். பயன்படுத்திய கதீட்டர் மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பைக்குள் போய்விடுகிறது. உரிய அனுமதியோடு, கிருமி நீக்கியபின், சிலவற்றையாவது அறுத்துப் பார்க்கப் பொறியாளர்களுக்குக் கொடுங்கள். தொழில்முனைவோரே, தனித்தனியாக எவராலும் கட்ட இயலாத தூய அறையையும் சோதனை மேசையையும் அம்பத்தூரில் பொதுவாக அமைக்கச் சங்கத்தின் வழியே கேளுங்கள். அரசு முன்வந்தால் நல்லது. வராவிட்டாலும் முதல் கிரிம்பருக்கான வரைபடத்தை இந்தக் கருத்தரங்கு முடிவதற்குள் மேசையில் விரியுங்கள்.